மூளை அணு போனால் முளைக்காது



கயிலை மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து சென்றவர் காரைக்கால் அம்மையார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்த அம்மையார் பின்னாளில் வந்து தங்கிய ஊர் நம் திருவாலங்காடு. நமக்கு அவ்வளவு பக்குவம் வேண்டாம். இருக்கிற தலையைப் பத்திரமாக வைத்துக்கொண்டாலே போதும். அதற்குத்தான் இந்தத் துண்டுப் பிரசுரம்.

சில வருடங்களுக்கு முன் நம் ஒன்றியத்துக் கிராமம் ஒன்றுக்கு வீடு பார்க்கப் போயிருந்தேன். திண்ணையில் ஒரு இளம்பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். "ராத்திரி வண்டியிலிருந்து விழுந்தாரு சார். எழுந்து தானே வண்டியைத் தூக்கி நிறுத்தினாரு. டீ குடிச்சாரு. நல்லாத்தான் பேசிக்கினு இருந்தாரு. தலை வலிக்குதுன்னு படுத்தாரு. காலையில எழுப்பினா எழுந்திருக்கல" என்றாள். வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆகவே யாரும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவில்லை.

அந்த மனிதர் விழுந்த நிமிடத்தில் சாகவில்லை. அவருடைய மூளையின் அணுக்கள் இரவு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தன. அந்த இரவில் ஏழெட்டு மணி நேரம் அவரைக் காப்பாற்றும் வாய்ப்பு இருந்தது. அது யாருக்கும் தெரியவில்லை.

தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கணவனும் மனைவியும் சேர்ந்து படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

தலைக்குள் இருப்பது என்ன?

பனங்காய்க்குள் நுங்கு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே கெட்டியான ஓடு. உள்ளே மெத்தென்ற நுங்கு. மண்டை ஓட்டுக்குள் மூளையும் அப்படித்தான் இருக்கிறது. வளர்ந்த மனிதனின் மூளை ஏறக்குறைய 1,300 அல்லது 1,400 கிராம் எடை இருக்கும். அதற்குள் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வொரு அணுவும் நூல் போன்ற கைகளை நீட்டிப் பக்கத்து அணுக்களோடு பேசுகிறது. நாம் நடப்பதும், சிரிப்பதும், பிள்ளையின் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இந்த அணுக்களின் பேச்சால்தான்.

நம் உடம்பு எடையில் மூளை 100-ல் 2 பங்குதான். ஆனால் நாம் சும்மா இருக்கும்போதுகூட, உடம்புக்குக் கிடைக்கும் பிராணவாயுவில் 5-ல் ஒரு பங்கை அதுவே செலவழிக்கிறது. அதற்குச் சேமித்து வைக்கத் தெரியாது. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் பொங்கித் தின்னும் குடும்பம் போல, ரத்தம் வந்தால்தான் அதற்குச் சாப்பாடு. ரத்த ஓட்டம் அடியோடு நின்றால் சில விநாடிகளில் மயக்கம் வரும். நாலைந்து நிமிடங்களில் அணுக்கள் சாகத் தொடங்கும்.

தோலில் காயம் பட்டால் புதுத் தோல் வளருகிறது. எலும்பு முறிந்தால் கூடுகிறது. கரும்பை வெட்டினால் கட்டையிலிருந்து மறுதாம்பு முளைக்கிறது. நரம்பணு அப்படி அல்ல. அது பனைமரம் மாதிரி. தலை போனால் போனதுதான். செத்த நரம்பணுவின் இடத்தில் புது அணு முளைப்பது அநேகமாக இல்லை. ஆகவே இருப்பதைக் காப்பதே வழி.

நரம்பணு எப்படிச் சாகிறது?

ஒவ்வொரு அணுவுக்குள்ளும் ஒரு பம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. உள்ளே கசிந்து வரும் உப்பையும் தண்ணீரையும் அது வெளியே இறைக்கிறது. பிராணவாயுவும் சர்க்கரைச் சத்தும் நின்றால் கரண்டு போன மோட்டார் மாதிரி இந்தப் பம்பு நின்றுவிடும். உப்பும் தண்ணீரும் உள்ளே ஏறும். அணு உப்பி வெடிக்கும். இது ஒரு வகைச் சாவு. வேகமாக நடப்பது.

சாகும் அணு சும்மா சாவதில்லை. அணுக்கள் ஒன்றோடு ஒன்று பேசுவதற்காக 'குளுட்டமேட்' என்ற பொருளைத் துளித்துளியாக விடும். சாகும் அணு அதைக் குடம் குடமாகக் கொட்டிவிடும். பக்கத்து அணு அதில் மிரண்டுபோய்த் தன் கதவுகளை எல்லாம் திறந்துவிடும். சுண்ணாம்புச் சத்து உள்ளே வெள்ளமாகப் புகுந்து அந்த அணுவைத் தின்னும். அது அடுத்ததைக் கெடுக்கும். ஒரு கூரை வீடு பற்றினால் பக்கத்துக் கூரைக்குத் தீ தாவுகிறது அல்லவா, அதே கதைதான்.

இன்னொரு வகைச் சாவும் உண்டு. அது அமைதியானது. வேப்ப மரம் பழுத்த இலையை உதிர்ப்பது போல, அணு தன்னைத்தானே ஒழுங்காகப் பிரித்துப் போட்டுக்கொண்டு மறையும். விஞ்ஞானிகள் 1972-ல் இதற்கு வைத்த பெயருக்கு, கிரேக்க மொழியில் 'உதிர்தல்' என்றே பொருள். வயிற்றில் குழந்தை வளரும்போது தேவைக்கு மேல் உண்டான நரம்பணுக்கள் இப்படி உதிர்வது இயற்கை. ஆனால் அடிபட்ட பிறகோ, மூச்சுத் திணறிய பிறகோ, முதுமை நோயிலோ, உதிரக் கூடாத அணுக்களுக்கும் உதிரும்படி உத்தரவு போய்விடுகிறது. இந்தச் சாவு மணிக்கணக்கில், நாள்கணக்கில், சில நோய்களில் வருடக்கணக்கில் நடக்கும்.

இதைத்தான் நீங்கள் மனதில் வைக்க வேண்டும். முதலில் பற்றிய வீட்டைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். ஆனால் பக்கத்து வீடுகளைக் காப்பாற்ற நேரம் இருக்கிறது. அந்த நேரம் டாக்டர் கையில் மட்டும் இல்லை. வீட்டில் இருக்கும் உங்கள் கையிலும் இருக்கிறது.

ஒரு குடும்பத்தில் மூன்று தலைகளை எடுத்துக்கொள்வோம்: பிறக்கப் போகும் தலை, சம்பாதிக்கும் தலை, வயதான தலை.

முதலாவது: பிறக்கும் குழந்தையின் தலை

குழந்தை பிறந்தவுடன் ஏன் எல்லோரும் அழுகைச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறோம்? அந்த அழுகைதான் முதல் மூச்சு. மூச்சு வராத குழந்தைக்குப் பிறந்த முதல் நிமிடத்துக்குள் பயிற்சி பெற்றவர் பையும் முகமூடியும் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும். தலைகீழாகத் தொங்கவிடுவதும், முதுகில் ஓங்கித் தட்டுவதும், குளிர்ந்த தண்ணீர் தெளிப்பதும் நேரத்தை வீணாக்கும்.

மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தைக்கு அணுச்சாவு இரண்டு தவணையில் வருகிறது. பிறக்கும்போது ஒரு தவணை. பிறகு குழந்தை கொஞ்சம் தேறினாற்போல் இருக்கும். சில மணி நேரம் கழித்து இரண்டாவது தவணை தொடங்கும், வலிப்பும் வரும். இடையில் உள்ள நேரத்தில் குழந்தையின் உடம்பை 33.5 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்து, 72 மணி நேரம் வைத்திருந்தால் இரண்டாவது தவணை குறைகிறது என்று மேல்நாடுகளில் கண்டுபிடித்தார்கள். பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்.

அந்த வைத்தியம் நம் பிள்ளைகளுக்கும் பலிக்குமா? லண்டன் இம்பீரியல் கல்லூரியின் டாக்டர் சுதின் தய்யில் தலைமையில் 2015 ஆகஸ்டு முதல் 2019 பிப்ரவரி வரை 'ஹெலிக்ஸ்' என்ற பெயரில் ஒரு பெரிய சோதனை நடந்தது. இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளில் 7 ஆஸ்பத்திரிகள் சேர்ந்தன. சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் அதில் உண்டு. மொத்தம் 408 குழந்தைகள். பாதிப் பேருக்குக் குளிர்விப்பு. மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு.

2021-ல் முடிவு வெளியானது. குளிர்வித்ததால் ஊனம் குறையவில்லை. சாவு கூடியிருந்தது. குளிர்வித்த குழந்தைகளில் 100-க்கு 42 பேரும், குளிர்விக்காதவர்களில் 100-க்கு 31 பேரும் இறந்தார்கள். மேல்நாட்டில் பலித்தது இங்கே ஏன் பலிக்கவில்லை? நம் குழந்தைகள் பலருக்குப் பாதிப்பு பிரசவ நேரத்தில் திடீரென்று வரவில்லை. அதற்கு முன்பே, வயிற்றில் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு குறைந்து தொடங்கியிருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

தாய்மார்களே, இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பிறந்த பிறகு செய்யும் எந்த வைத்தியத்தைவிடவும், பிறப்பதற்கு முன் செய்யும் கவனிப்பே குழந்தையின் மூளையை அதிகம் காக்கும். செலவும் குறைவு. அவை என்னென்ன?

1. தலை முழுகாமல் நாள் தள்ளியதுமே கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். குறைந்தது 4 முறை பரிசோதனைக்குப் போங்கள். ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். கூடக் கணவனும் போகட்டும்.

2. இரும்புச்சத்து மாத்திரையைக் குப்பையில் போடாதீர்கள். "மாத்திரை தின்னா புள்ள கறுப்பா பொறக்கும்" என்பது வெறும் பேச்சு. தாய்க்கு ரத்தம் குறைந்தால் குழந்தைக்குப் பிராணவாயு குறையும்.

3. தீராத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீக்கம், குழந்தையின் துள்ளல் குறைவது, பனிக்குடம் உடைந்து பச்சையாகத் தண்ணீர் போவது, இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி.

4. பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். வலி சீக்கிரம் வருவதற்கென்று ஆஸ்பத்திரிக்கு வெளியே யாரிடமும் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். கர்ப்பப்பை ஓயாமல் இறுகினால் குழந்தைக்கு ரத்தம் போகாது.

5. பிறந்த 1 மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். பால் கிடைக்காமல் சர்க்கரைச் சத்து இறங்கினாலும் மூளை அணு வாடும்.

6. முதல் நாளே குழந்தை மஞ்சளாகத் தெரிந்தால், அல்லது உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் ஏறினால், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால் உடனே காட்டுங்கள். மஞ்சள் நிறம் தரும் பொருள் அளவு மீறினால் மூளைக்குள் புகுந்து நரம்பணுக்களைக் கொல்லும். வெயிலில் காட்டினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் நீல விளக்கு வைத்தியம் இருக்கிறது.

7. குளிர்விப்பு பற்றி மேலே படித்ததை வைத்து வீட்டில் யாரும் குழந்தையைக் குளிர வைத்துவிடாதீர்கள். பச்சிளங் குழந்தைக்குத் தாயின் மார்புக் கதகதப்பே பாதுகாப்பு.

பெண்ணுக்கு 21 வயது, ஒரு பிள்ளைக்கும் அடுத்ததுக்கும் 3 வருட இடைவெளி என்று நாங்கள் ஊர் ஊராகச் சொல்வதும் இதற்காகவே. உடம்பு தேறிய தாயின் வயிற்றில்தான் குழந்தையின் மூளை நன்றாக வளரும்.

இரண்டாவது: சம்பாதிக்கும் தலை

விடியற்காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கும் மற்ற கம்பெனிகளுக்கும் எத்தனை பேர் போகிறீர்கள்! ராத்திரி ஷிப்டு முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு திரும்புகிறீர்கள். அரைவைப் பருவத்தில் நம் ஊரில் இருக்கும் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் இருட்டில் போகும். பின்னால் விளக்கு இல்லாத வண்டி கிட்டே வரும் வரை தெரியாது.

தலை தரையில் மோதும்போது மண்டை ஓடு நின்றுவிடும். உள்ளே இருக்கும் நுங்கு நிற்காது. அது ஓட்டில் மோதித் திரும்பும். நரம்பணுக்களின் நூல் போன்ற கைகள் அறுபடும். இது முதல் அடி. இதைத் தடுப்பது ஹெல்மெட் ஒன்றுதான். பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2008-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள். விபத்தில் சிக்கிய மோட்டார் சைக்கிள்காரர்களில், ஹெல்மெட் போட்டவர்களுக்குத் தலைக்காயம் 69 சதவிகிதமும் சாவு 42 சதவிகிதமும் குறைவு. பின்னால் உட்காரும் மனைவிக்கும் அதே தலைதான். பூ வாடிவிடும், கொண்டை கலைந்துவிடும் என்று அம்மாக்கள் மறுக்கக் கூடாது. பெட்ரோல் டாங்க் மேல் உட்காரும் பிள்ளைக்கும் தலை உண்டு. தாடையின் கீழ் வாரை மாட்டாத ஹெல்மெட் முதல் மோதலிலேயே கழன்று ஓடிவிடும்.

இரண்டாவது அடிதான் நான் தொடக்கத்தில் சொன்ன வீட்டில் நடந்தது. அடிபட்ட மூளை மெல்ல வீங்கும். சில சமயம் எலும்புக்கும் மூளைக்கும் இடையில் ரத்தம் கசிந்து கட்டும். மண்டை ஓடு விரியாது. உள்ளே அழுத்தம் ஏற ஏற, நல்ல ரத்தம் நுழைய இடம் இல்லாமல் போகும். முதல் அடியில் தப்பிய அணுக்கள் அப்போது சாகின்றன. இடையில் ஆள் எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசுவார். அந்தப் பேச்சைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. நேரத்தோடு கண்டுபிடித்தால் கட்டிய ரத்தத்தை எடுத்துவிட்டு ஆளைப் பிழைக்க வைக்க முடியும்.

தலையில் அடிபட்டவரை 24 மணி நேரம் தனியே விடாதீர்கள். ராத்திரியில் ஓரிரு முறை எழுப்பிப் பெயர் கேளுங்கள். கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்:

— கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியது
— திரும்பத் திரும்ப வாந்தி
— தலைவலி ஏறிக்கொண்டே போவது
— தூக்கம் தூக்கமாக வருவது, எழுப்பினால் உளறுவது
— ஒரு கண்ணின் பாவை பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் தெரிவது
— காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தண்ணீர் போன்று வடிவது
— கை கால் இழுப்பு, ஒரு பக்கம் பலம் குறைவது

சாலையில் ஒருவர் விழுந்து கிடந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் இந்த வண்டி 2008 முதல் ஓடுகிறது. வண்டி வரும்வரை கழுத்தை மடக்காமல், தலையையும் உடம்பையும் ஒரே கட்டையாக வைத்திருங்கள். வாந்தி எடுத்தால் அப்படியே சேர்த்து ஒரு பக்கமாகத் திருப்புங்கள். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர், சோடா, காபி எதையும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய் மூச்சை அடைக்கும். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தும் இரும்பும் கொடுப்பதால் பயன் இல்லை. 5 நிமிடத்துக்கு மேல் நிற்காத வலிப்பு மூளை அணுவைக் கொல்லும் என்பதை மட்டும் நினைவில் வைத்து விரைந்து கொண்டு போங்கள்.

"போலீஸ் கேஸ் ஆகிடும் சார், நமக்கு எதுக்கு வம்பு" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, உதவி செய்தவர் மேல் வழக்குப் போட முடியாது. பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. செலவுக்கும் அஞ்ச வேண்டாம். 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்ற அரசுத் திட்டம் 18.12.2021 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கியது. விபத்தில் அடிபட்டவருக்குத் திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை அதில் வருகிறது. 48 மணி நேரம் என்பது வீங்கும் மூளைக்கு மிக முக்கியமான நேரம் என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கும் வேலை எங்கே செய்தாலும், வேலை உடுப்போடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்காதீர்கள். ஈயத்தூள் பிள்ளைகளின் வளரும் மூளைக்கு விஷம். குளித்து, உடை மாற்றி, பிறகு கொஞ்சுங்கள். வயலுக்கு மருந்து அடிக்கிறவர்களும் இப்படியே. முகத்துணி, கையுறை இல்லாமல் பூச்சிமருந்தில் புழங்குவதற்கும் நடுக்கு வாதத்துக்கும் தொடர்பு இருப்பதை ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

மூன்றாவது: வயதான தலை

முதலில் பக்கவாதம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ வருவது. பெரிய குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் சாவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நீங்கள் வெற்றிலை மடித்து வாயில் போடும் நேரம்தான் ஒரு நிமிடம். அடைப்பு என்றால், 4½ மணி நேரத்துக்குள் போனவர்களில் தகுந்தவர்களுக்கு, ஸ்கேன் பார்த்த பின் கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியும்.

கண்டுபிடிப்பது சுலபம். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று இறங்குகிறதா? பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் 108. புறா ரத்தம் தடவுவதும், மந்திரிப்பதும், பச்சிலை தேடிப் போவதும் அந்த 4½ மணி நேரத்தைத் தின்றுவிடும். மாவட்ட ஆஸ்பத்திரி 2022 முதல் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து நடக்கிறது. சென்னை சென்ட்ரலுக்கு எதிரே உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-ல் மூளை, நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கியது முதல் அங்கே இந்த வைத்தியம் வளர்ந்து வந்திருக்கிறது. ஆனால் அவசரத்துக்கு நம் ஊர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்காதீர்கள். எந்த ஆஸ்பத்திரி என்பதை 108 ஊழியரிடம் கேளுங்கள்.

பக்கவாதத்துக்கு முதல் காரணம் ரத்த அழுத்தம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். "நல்லா இருக்கு, நிறுத்திட்டேன்" என்று சொல்லாதீர்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் நல்லா இருக்கிறது.

அடுத்தது மெதுவான சாவு. மறதி நோயில், அணுக்களுக்கு வெளியேயும் உள்ளேயும் ஒருவகைப் புரதச் சக்கை சேர்ந்துகொண்டே போகிறது. கழிவு அள்ளாத தெரு போல ஆகிவிடும். கடைசியில் அணுக்கள் ஒவ்வொன்றாக உதிரும். ஜெர்மனியில் அல்சைமர் என்ற டாக்டர் 1906-ல் இதை முதலில் எடுத்துச் சொன்னார். நடுக்கு வாதத்தில், அசைவுகளை ஒழுங்குபடுத்தும் ஒரு சிறு பகுதியின் அணுக்கள் உதிர்கின்றன. கை நடுங்குவது நம் கண்ணில் படும்போது அங்கே பாதிக்கு மேல் போயிருக்கும்.

அந்த அணுக்கள் சுரக்கும் சத்துக்குப் பதிலாக லெவோடோபா என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள். நம் வேலிகளில் படரும் பூனைக்காலி விதையில் இதே பொருள் இருப்பதைச் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் 1937-லேயே பிரித்தெடுத்து எழுதினார்கள். அதற்காக விதையை அரைத்துக் குடிக்காதீர்கள்; அளவு தெரியாமல் போனால் ஆபத்து. இந்த மருந்து நடுக்கத்தைக் குறைக்கும். செத்த அணுவை எழுப்பாது.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. என் தகப்பனார் கணக்கில் புலி. எழுபது வயதுக்கு மேல் சாப்பிட்டுக் கை கழுவியதும் "இன்னும் சோறு போடலையா?" என்று கேட்பார். நான் சுகாதாரக் கல்வி படித்தவன். ஆனாலும் ஒரு நாள், "இப்பதானேப்பா சாப்பிட்டீங்க, வேணும்னே பண்றீங்களா?" என்று சத்தம் போட்டுவிட்டேன். அவர் பயந்துபோய் என்னை "சார்" என்று கூப்பிட்டார். பெற்ற மகனை! அன்று எனக்குப் புரிந்தது: அவர் வேண்டும் என்று செய்யவில்லை. அந்த நினைவைப் பிடித்து வைத்த அணுக்கள் போய்விட்டன. அன்றிலிருந்து, கேட்டால் ஒரு வாய் மோர் சாதம் கொடுப்பேன். சண்டை நின்றது.

மறதி நோய் பைத்தியம் அல்ல. பில்லி சூனியமும் அல்ல. பூர்வ ஜன்மப் பாவமும் அல்ல. 2023-ல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல், சுமார் 88 லட்சம் பேருக்கு இது இருக்கிறது. முழுதும் குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால் உலக நிபுணர் குழு ஒன்று 2024-ல் 14 காரணங்களைப் பட்டியல் போட்டது. அவற்றைச் சரிசெய்தால் ஏறக்குறைய பாதி மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை, சாராயம், உடலுழைப்பு இல்லாமை, தலைக்காயம், கேட்காத காது, தெரியாத கண், தனிமை, படிப்பு இல்லாமை ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. ஆகவே அறுபதில் வரும் நோய்க்கு முப்பதிலேயே வேலி கட்ட வேண்டியவர்கள் நீங்கள்தான். பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தாமல் இருப்பதும், மாமியாருக்குக் கண்புரை அறுவை செய்து வைப்பதும்கூட மூளை வைத்தியமே.

வந்த பிறகு வழி உண்டா?

உண்டு. செத்த அணு முளைக்காது என்றேன். ஆனால் தப்பிய அணுக்கள் புதுக் கைகளை நீட்டி, போனவற்றின் வேலையில் கொஞ்சத்தைக் கற்றுக்கொள்ளும். அதற்குப் பயிற்சி வேண்டும். பக்கவாதம் வந்தவரை மூலையில் படுக்க வைத்துவிடாமல் தினமும் கை கால் அசைக்க வையுங்கள். கழுத்து நிற்காத, உட்காராத, சத்தத்துக்குத் திரும்பாத குழந்தையை "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தாரு" என்று சொல்லி வைத்துக்கொண்டிராமல் செவிலியரிடம் காட்டுங்கள். மாவட்டத்தில் இத்தகைய குழந்தைகளுக்கென்று ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. சின்ன வயதில் தொடங்கினால் பலன் அதிகம்.

அன்பார்ந்த தம்பதியரே! இன்று இரவு சாப்பிட்ட பிறகு இருவரும் உட்கார்ந்து நாலு காரியம் செய்யுங்கள். 108 என்ற எண்ணை வீட்டுப் பெரியவருக்கும் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள். இரண்டு ஹெல்மெட்டும் வாசலில் தொங்குகிறதா என்று பாருங்கள். கர்ப்பிணி இருந்தால் அடுத்த பரிசோதனைத் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். பெரியவர்களின் மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணுங்கள்.

எங்கள் திண்ணைக்காரப் பெண் இன்று தையல் தைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிறாள். தெருவில் யார் தலையில் அடிபட்டாலும் முதலில் ஓடுவது அவள்தான். "பேசறாருன்னு பார்த்துக்கினு நிக்காதீங்க, வண்டியைக் கூப்பிடுங்க!" என்று சத்தம் போடுகிறாள். எங்கள் பிரசுரங்கள் எல்லாவற்றையும்விட அந்தச் சத்தத்துக்குப் பலம் அதிகம்.

போன அணு முளைக்காது.
போகவிருக்கும் அணுவைக் காக்க நேரம் இருக்கிறது.
அந்த நேரம் உங்கள் கையில்!